உயரம் கூட்டும் கால் ஆபரேஷனுக்குப் பிறகு ஓட முடியுமா? காவலர் தேர்வு, கபடி, 1500 மீட்டர்

தகடூர் ஓட்டக்களம் (தர்மபுரி)

காவலர் தேர்வுக்குத் தயாராகும் பையன்கள் தர்மபுரி, கிருஷ்ணகிரி என்று நம் இரண்டு மாவட்டத்திலும் இப்போது அடிக்கடி கேட்கிற கேள்வி இது. ஆண்களுக்கு 170 செ.மீ., பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 167. பெண்களுக்கு 159, 157. இதில் 2 செ.மீ., 3 செ.மீ. குறைவில் நிற்பவர்கள் கால் நீட்டும் ஆபரேஷன் வீடியோவைப் பார்த்துவிட்டு வந்து, "ஆறு மாசத்துல நடந்துடலாமாம், அப்புறம் கிரவுண்டுக்கு வந்தா போதும்ல?" என்கிறார்கள்.

அந்த வீடியோக்களில் நடப்பதைத்தான் காட்டுகிறார்கள். ஆண்களுக்கு 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும், ஓட்டத்தில் அதுதான் முதல் வடிகட்டல். அதன்பிறகு கயிறு ஏறுதல், நீளம் தாண்டுதல் அல்லது உயரம் தாண்டுதல், 100 அல்லது 400 மீட்டர். 7 நிமிடம் என்றால் 400 மீட்டர் சுற்று ஒன்றுக்கு 1 நிமிடம் 52 நொடி. நல்ல காலுக்கு இது பெரிய வேகமே இல்லை. வெட்டி நீட்டிய காலுக்கு?

எலும்பு, பிசியோ, எக்ஸ்ரே, உணவு என்று அந்தந்தத் துறை தெரிந்தவர்கள் எண்களோடு எழுதுங்கள். பையன்களுக்கு அப்படியே படித்துக் காட்டப் போகிறேன்.

எலும்பும் கம்பியும் (கிருஷ்ணகிரி)

முதலில் கணக்கு. ஓடலாமா வேண்டாமா என்பதில் பாதி அதிலேயே தெரிந்துவிடும்.

எலும்பை இழுத்து நீட்டுவதில்லை. வெட்டி, வெட்டிய இடத்தில் புது எலும்பு ஊறத் தொடங்கியதும் இரண்டு முனையையும் மெல்ல விலக்குகிறார்கள். 1950-களில் சைபீரியாவின் குர்கான் நகரில் இலிசரோவ் உருவாக்கிய முறை. வெட்டியபின் 5 முதல் 7 நாள் சும்மா விட வேண்டும். பிறகு தொடை எலும்பில் ஒரு நாளைக்கு 1 மி.மீ. முழங்காலுக்குக் கீழே ரத்த ஓட்டமும் சதைப் போர்வையும் குறைவு என்பதால் அங்கே 0.75 மி.மீ. அல்லது அதற்கும் குறைவு. அந்த 1 மி.மீட்டரையும் ஒரே மூச்சில் திருப்பக் கூடாது. 0.25 ஆக நான்கு வேளை: காலை 6, மதியம் 12, மாலை 6, இரவு 12. காலுக்கு வெளியே, எலும்போடு கம்பியால் பூட்டிய வளையத்தில் இருக்கும் திருகுகம்பியின் புரி இடைவெளி 1 மி.மீ. ஆகவே கால்வாசிச் சுற்று என்றால் 0.25. வளையத்தைச் சுற்றியுள்ள எல்லாக் கம்பியையும் ஒரே அளவு திருப்ப வேண்டும். வீட்டில் நடக்கும் பெரிய தவறு திசை மாற்றித் திருப்புவது. இரண்டு நாள் திருப்பி மூடிவிட்டு மூன்றாம் நாள் கண்டுபிடிப்பார்கள். ஒவ்வொரு நட்டிலும் நகப்பூச்சால் ஒரு அம்புக்குறி போட்டுவைத்தால் இந்த வம்பு வராது.

தொடையில் 3 செ.மீ. என்றால் 7 நாள் காத்திருப்பு, 30 நாள் நீட்டல். எல்லோரும் இதோடு கணக்கை நிறுத்திவிடுகிறார்கள். நீட்டிய இடத்தில் இருப்பது இளம் எலும்பு, பிசின் மாதிரி. அது கெட்டியாக 1 செ.மீட்டருக்கு 1 முதல் 1.5 மாதம் வேண்டும். ஆக 3 செ.மீட்டருக்கு இன்னும் 3 முதல் 4.5 மாதம். 6 செ.மீ. என்றால் 6 முதல் 9 மாதம். முழங்காலுக்குக் கீழே இதைவிடத் தாமதம்.

எலும்பின் சொந்த நீளத்தில் 15 முதல் 20 விழுக்காட்டுக்கு மேல் நீட்டினால் சிக்கல்கள் சட்டென்று ஏறும். அதனால்தான் தொடையில் 5-6 செ.மீ., கீழ்க்காலில் 4-5 செ.மீட்டரோடு கவனமானவர்கள் நிறுத்துகிறார்கள்.

ஓசூர் எக்ஸ்ரே

ஆபரேஷன் பேச்சுக்கு முன் ஒன்று. 1 செ.மீ. அல்லது அதற்குக் குறைவாகக் குறையும் பையன்களைக் காலையில் எழுந்த அரைமணி நேரத்துக்குள் அளந்து பாருங்கள். முதுகுத்தண்டு வட்டுகள் நாள் முழுக்க அமுங்குவதால் மாலைக்குள் 1 செ.மீ. அளவுக்கு, சிலருக்கு இன்னும் கூடுதலாகவும், உயரம் குறையும். முந்தின நாள் மாலை மூட்டை தூக்கிவிட்டு, ராத்திரி பஸ்ஸில் உட்கார்ந்தே போய், மதிய வெயிலில் அளவுக்கு நிற்கிறவன் தன் உயரத்தைத் தானே குறைத்துக்கொள்கிறான். குதிகால், பிட்டம், தோள், பின்தலை நான்கும் சுவரைத் தொடணும், பார்வை நேராக இருக்கணும், மோவாயைத் தூக்கக் கூடாது. 18-19 வயது என்றால் இன்னும் வளர வாய்ப்பு உண்டா, அதாவது எலும்பு நீளும் இடமான வளர்ச்சித் தட்டு மூடியதா என்று மணிக்கட்டு, முழங்கால் எக்ஸ்ரேயில் பார்த்துவிடலாம்.

அடுத்தது, ஓட அனுமதி எக்ஸ்ரேயில்தான் இருக்கிறது, நாள்காட்டியில் இல்லை. நேர்ப்படத்தில் இரண்டு ஓரம், பக்கப்படத்தில் இரண்டு ஓரம், மொத்தம் நான்கு சுவர். நான்கில் மூன்று சுவர் மேலிருந்து கீழ்வரை அறுபடாமல் சேர்ந்திருந்தால் முழு எடை போட்டு நடக்கலாம். ஓடுவதற்கு நான்கும் வேண்டும், நடுவில் மஜ்ஜைக்குழி திரும்பவும் தெரிய ஆரம்பிக்கணும். "ஆறு மாசம் ஆச்சு" என்பதை வைத்துக் காலில் குதிக்க விடாதீர்கள் அண்ணா.

நீட்டும் காலத்தில் 7 முதல் 10 நாளுக்கு ஒரு படம். 3-4 வாரத்தில் இடைவெளிக்குள் வெண்மேகம் மாதிரித் தெரியணும். தெரியவில்லை என்றால் வேகத்தை 0.5-க்குக் குறைப்பார்கள், அல்லது நிறுத்தி வைப்பார்கள். மேகம் நடுவில் இடுப்பு சிறுத்த உடுக்கை மாதிரி இருந்தால் ஊறுவது போதவில்லை என்று பொருள். நேர்மாறாகச் சிலருக்கு எலும்பு அவசரமாக ஒட்டிக்கொள்ளும், திருப்பினாலும் நீளாது, வலி மட்டும் ஏறும். அப்போது மறுபடி வெட்ட வேண்டியிருக்கும்.

ஊத்தங்கரை பிசியோ

எலும்பைப் பற்றி இரண்டு பேரும் சரியா எழுதிட்டீங்க. ஓட்டம் கெடுறது பெரும்பாலும் எலும்பால இல்லீங்க. சதையும் நரம்பும்தான் காரணம்.

எலும்பு புதுசா ஊறும். தசை அப்படி ஊறாது. தசை இழையில சின்னச் சின்னக் கண்ணிகள் வரிசையா கோத்திருக்கு. மெதுவா இழுத்தா புதுக் கண்ணி சேர்த்துக்கும், அவசரப்பட்டா கண்ணிக்குப் பதிலா நார் விழும். நார் விழுந்த தசை சுருங்கவும் சுருங்காது, நீளவும் நீளாது. தசைநாண் அதைவிடப் பிடிவாதம். அதனால ரெண்டு மூட்டைத் தாண்டிப் போற தசைகள்தான் முதல்ல இறுகும். தொடையை நீட்டினா முன்தொடையில நேரா போற தசை, பின்தொடை நாண்கள், வெளித்தொடைப் பட்டை. கீழ்க்காலை நீட்டினா கெண்டைக்கால், அப்புறம் குதிகால் நாண்.

தொடையில எப்படித் தெரியும்னா, முழங்கால் மடங்குறது நாளுக்கு நாள் குறையும். 90 டிகிரிக்குக் கீழ வந்தாலே நான் சர்ஜனுக்கு போன் போட்ருவேன், வேகத்தைக் குறைக்கச் சொல்வாங்க. 45 டிகிரிக்கு இறங்கிட்டா நீட்டுறதையே நிறுத்தணும். முழங்கால் முழுசா நீளலைன்னா அது இன்னும் மோசம். 10 டிகிரி மடங்கினபடியே நடக்கிறவங்க முன்தொடைக்கு ஒவ்வொரு அடியும் வேலை. அந்தக் காலை வெச்சு 1500 மீட்டர் ஓட முடியாது.

கீழ்க்காலில குதிகால் தரையில பதியாம முன்பாதத்துல நிக்கிற மாதிரி ஆகும். ராத்திரி பூரா பாதத்தை 90 டிகிரியில பிடிக்கிற பலகை போடணும், தூங்கும்போது பாதம் கீழ தொங்கினா பகல்ல பண்ணின பயிற்சி முழுக்க வீண். கெண்டைக்கால் நீட்டுறப்போ முழங்கால் நேரா இருக்கணும். அதே நீட்டலை முழங்காலைக் கொஞ்சம் மடக்கியும் பண்ணணும், அப்போதான் உள்ள இருக்கிற அடித்தசையும் நீளும். நிறைய பேர் ஒண்ணை மட்டும் பண்ணிட்டு விட்ருவாங்க.

ஒவ்வொரு நீட்டலையும் 30 நொடியிலிருந்து 1 நிமிஷம் பிடிக்கணும், உதறி உதறி இழுக்கக் கூடாது. நீட்டுற காலத்துல நாளைக்கு மொத்தம் 2-3 மணி நேரம், ஆனா ஒரே தடவையா இல்ல, நாலஞ்சு தடவையா. குப்புறப் படுக்கிறது 30 நிமிஷம், நாளைக்கு மூணு வேளை. இதை யாருமே ஒழுங்கா பண்றதில்ல. நாள் பூரா கட்டில்ல சாய்ஞ்சு உக்காந்தா இடுப்பு முன்தசை இறுகிடும். அப்புறம் பிட்டம் பின்னாடி தள்ளி, முதுகு உள்ள வளைஞ்சு வாத்து மாதிரி நடை வரும். அந்த நடையோட ஓடினா முதுகு வலி நிச்சயம்.

கட்டைவிரல் மேல தூக்க முடியலை, பாதத்தோட மேல்பக்கம் மரமரத்துப் போச்சுன்னா அது முழங்காலுக்கு வெளிப்பக்கமா வர்ற நரம்பு இழுபடுறது. அன்னிக்கே திருப்புறதை நிறுத்திட்டு டாக்டர்கிட்ட போகணும். "ரெண்டு நாள் பார்ப்போம்"னு இருந்தா பாதம் தொங்கிடும், அது திரும்பி வர மாசக்கணக்குல ஆகும், சில நேரம் வராமலே போகும்.

காரிமங்கலம் கபடி

மேடம், கபடிக்கு எப்படி? ஓட்டம் நேர்கோடு. கபடியில் ஒரே காலில் நின்று திரும்புவது, பிடிபட்டபின் இழுத்துக்கொண்டு விழுவது, குந்தியபடியே நகர்வது எல்லாம் உண்டு. உயரம் கூடினால் கை எட்டும் தூரம் கூடுமே என்று ஒரு பையன் வாதம் பண்ணுகிறான்.

எலும்பும் கம்பியும்

கை நீளாது. நீளுவது கால் மட்டும். ரெய்டில் கால் நீட்டித் தொடுவதற்கு 3 செ.மீ. உதவும் என்று வைத்துக்கொண்டாலும், அந்தக் காலை எவ்வளவு வேகத்தில் வீசித் திரும்ப எடுக்கிறோம் என்பதுதானே புள்ளி? நீண்ட காலை வீச அதிக விசை வேண்டும். கீழ்க்காலை நீட்டினால் பாதத்தின் எடையும் இடுப்பிலிருந்து தள்ளிப் போகிறது, ஊசலின் குண்டைக் கீழே இறக்கியது போல. அதே தசை, இறுகிய நிலையில், கூடுதல் நீளமுள்ள கோலை ஆட்ட வேண்டும்.

தொடையை நீட்டினால் குந்தும்போது உடம்பு முன்னால் அதிகம் சாயும், சாயாவிட்டால் பின்னால் விழுவார்கள். கபடியில் அந்தத் தாழ்ந்த நிலைதான் எல்லாம்.

கீழ்க்காலில் இன்னொரு விஷயம். பக்கத்துச் சிறு எலும்பையும் வெட்ட வேண்டும், அதன் மேல் முனையையும் கீழ் முனையையும் பெரிய எலும்போடு திருகால் பூட்ட வேண்டும். கீழ் முனையைப் பூட்டாமல் விட்டால் நீட்டும்போது அது மேலே இழுபட்டு, கணுக்காலின் வெளிச்சுவர் உயர்ந்துவிடும். பாதம் வெளிப்பக்கம் சாயும். அப்படிப்பட்ட கணுக்காலோடு கபடி மண்ணில் திரும்பினால் சுளுக்கு நிற்காது. எக்ஸ்ரேயில் கணுக்காலுக்கு மேல் அந்தத் திருகு இருக்கிறதா என்று யாரும் பார்க்கலாம்.

ஊத்தங்கரை பிசியோ

கபடி தம்பிக்கு: முழங்கால் 130 டிகிரிக்கு மேல மடங்கி, குதிகால் தரையில இருக்க, குத்தவெச்சு 2 நிமிஷம் உக்காந்து கையூணாம எழுந்திரிக்க முடியணும். சம்மணம் போட முடியணும். இது ரெண்டும் வராம பாய்ல இறக்காதீங்க. நம்ம ஊர்ல இதுக்குத் தனி மெஷின் வேண்டாம், வீட்டுத் திண்ணையே போதும்.

இப்போ ஓட்டக்களம் சாருக்கு, நான் சொல்ல வேண்டிய முக்கியமான ஒண்ணு. விளையாட்டுக் காயத்துக்கு அப்புறம் களத்துக்கு அனுப்புறப்போ நாம என்ன பார்ப்போம்? ஒரு கால்ல தாண்டச் சொல்வோம், அடிபட்ட கால் நல்ல கால்ல 90 விழுக்காடு வந்தா சரின்னு அனுப்புவோம். உயரத்துக்காகப் பண்ற ஆபரேஷன்ல ரெண்டு காலும் வெட்டுப்பட்டது. ரெண்டும் ஒரே அளவு பலவீனம். இடது வலது ஒப்பிட்டா 98 விழுக்காடுன்னு அழகா வரும், ஆனா ரெண்டு காலும் பழைய பலத்துல பாதிகூட இருக்காது. இந்தக் கணக்கை நம்பி அனுப்பினா கிரவுண்ட்லதான் தெரியும்.

அதனால யாராச்சும் பண்றதுன்னு முடிவே எடுத்துட்டா, ஆபரேஷனுக்கு முன்னாடியே அளந்து எழுதி வெக்கணும். ஒத்தக்கால் தாண்டல் தூரம் ரெண்டு காலுக்கும் தனித்தனியா. ஒத்தக்கால்ல குதிகால் தூக்குறது எத்தனை தடவை, ஆரோக்கியமான இளவட்டத்துக்கு 25 வரும். நின்ற இடத்துல நீளம் தாண்டல். 1500 மீட்டர் நேரம். நாற்காலியிலிருந்து ஒத்தக்கால்ல எழுந்திருக்கிறது எத்தனை. நடை, ஓட்டம் ரெண்டையும் பக்கவாட்டுலயும் பின்னாடியிருந்தும் வீடியோ. இது கையில இல்லைன்னா, பின்னாடி "பழையபடி ஆயிட்டேன்"னு யார் சொன்னாலும் அதுக்கு அளவுகோல் இல்ல.

பாலக்கோடு தண்ணீர்

இதுவரை யாரும் தொடாத ஒன்று, நம் மண்ணுக்கே உரியது. நம் இரண்டு மாவட்டத்திலும் போர் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம். குடிநீரில் 1 லிட்டருக்கு 1 மி.கி. விரும்பத்தக்க அளவு, 1.5 மேல் எல்லை. அதைத் தாண்டிய ஊர்கள் இங்கே ஏராளம். அதனால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃப்ளோரைடு பாதிப்புத் தணிப்பு என்பதையும் சேர்த்தார்கள், 2013-ல் தண்ணீர் வந்தது. இப்போது 20-25 வயதில் உள்ளவர்கள் தங்கள் பால்ய காலத்தில் போர் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்கள். பல்லில் பழுப்புக் கறையும் கோடும் இருந்தால் பல் உருவாகும் காலத்தில் ஃப்ளோரைடு ஏறியிருக்கிறது என்று அர்த்தம்.

கறை பல்லோடு நின்றுவிட்டால் கவலையில்லை. எலும்புக்கும் போயிருந்தால் விஷயம் வேறு. ஃப்ளோரைடு ஏறிய எலும்பு எக்ஸ்ரேயில் வெள்ளையாக, அடர்த்தியாகத் தெரியும். அடர்த்தி சோதனையிலும் நல்ல எண் வரும். ஆனால் அது சுட்ட ஓடு மாதிரி, கெட்டி உண்டு, வளைந்து கொடுக்கிற தன்மை இல்லை. மூட்டைச் சுற்றியுள்ள ஜவ்வுகளில் சுண்ணாம்பு படிந்து முழங்காலும் இடுப்பும் முதுகும் இறுகும். பிசியோ மேடம் சொன்ன மடக்கல் நீட்டல் எல்லாம் ஏற்கனவே இறுகிய மூட்டில் ஆரம்பிக்கிற நிலை.

முன்கை எக்ஸ்ரே ஒன்று எடுங்கள். இரண்டு எலும்புக்கும் நடுவில் உள்ள சவ்வு ஓரத்தில் முள்முள்ளாகச் சுண்ணாம்பு படிந்திருந்தால் அது எலும்பு ஃப்ளோரோசிஸின் அடையாளம். இடுப்பெலும்பு படமும் சேர்த்து எடுக்கலாம். சிறுநீர் ஃப்ளோரைடு பரிசோதனை உண்டு. வெளியூர் மருத்துவர்கள் இதைத் தானாகக் கேட்க மாட்டார்கள். எந்த ஊர், எந்தத் தண்ணீர் என்று நாம்தான் சொல்ல வேண்டும்.

எலும்பும் கம்பியும்

நல்ல இடத்தில் தொட்டீர்கள். அடர்ந்த எலும்பில் மஜ்ஜைக்குழி குறுகலாக இருக்கும். துளைக்கும்போது சூடேறும், சூட்டில் எலும்பு செத்தால் புது எலும்பு ஊறுவது தாமதமாகும். முன்கூட்டியே தெரிந்தால் மெதுவாகத் துளைப்பார்கள். அல்லது வேண்டாம் என்பார்கள், அதுவும் ஒரு நல்ல பதில்தான்.

ராகிக்களி (பென்னாகரம், உணவியல்)

60 கிலோ ஆளுக்கு எலும்பு ஊறும் காலத்தில் ஒரு நாளைக்கு 75 முதல் 95 கிராம் புரதம் வேண்டும். மூன்று வேளை சோறும் ரசமும் சாப்பிட்டால் 40-ஐத் தாண்டாது. முட்டை ஒன்றில் 6 கிராம், 100 கிராம் கொள்ளில் 22 கிராம் அளவு. கறி, மீன், பயறு, பால், தயிர் என்று ஒவ்வொரு வேளையிலும் பிரித்து வையுங்கள்.

கால்சியத்துக்கு நம் ராகியை மிஞ்சிய தானியம் எது? 100 கிராமில் 340 மி.கி. அளவுக்கு இருக்கிறது. 150 கிராம் மாவில் களி கிண்டினாலே 500 மி.கி. வந்துவிடும். ஆனால் களியை ஃப்ளோரைடுள்ள போர் தண்ணீரில் கிண்டக் கூடாது, கொதித்து வற்றினால் ஃப்ளோரைடு இன்னும் செறிவாகும். காவிரிக் குழாய்த் தண்ணீரில் கிண்டுங்கள். டீயை நாளைக்கு ஒன்றோடு நிறுத்துங்கள், தேயிலையிலும் ஃப்ளோரைடு உண்டு. வைட்டமின் டி-யை ரத்தத்தில் பார்த்து 1 மி.லி.க்கு 30 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் ஆபரேஷனுக்கு முன்பே ஏற்ற வேண்டும்.

பீடி, சிகரெட், மெல்லும் புகையிலை எதுவானாலும் குறைந்தது 6 வாரம் முன்பே நிறுத்தி, எலும்பு கூடும்வரை தொடக் கூடாது. நிகோடின் நுண்குழாய்களைச் சுருக்கும், எலும்பு ஊறாமல் போக இது பெரிய காரணம்.

இன்னொன்று வலி மாத்திரை. நம் ஊரில் கால்வலி என்றாலே மெடிக்கலில் டைக்ளோஃபினாக் கொடுத்துவிடுவார்கள், ஊசியும் போட்டுவிடுவார்கள். அந்த வகை மருந்துகள் எலும்பு கூடும் ஆரம்ப அழற்சியையே அமுக்கும். பாராசிட்டமால், அதற்கு மேல் தேவையென்றால் சர்ஜன் எழுதிய மருந்து மட்டும்.

தகடூர் ஓட்டக்களம்

தண்ணீர் விஷயம் என் மண்டையில் ஏறவே இல்லை இதுவரை. மிக்க நன்றி. ஒரு சந்தேகம். வெளி வளையம் இல்லாமல் உள்ளேயே ராடு வைத்து, காந்த மெஷினைத் தொடைமேல் வைத்து நீட்டுகிறார்களாமே, "மறுநாளே நடக்கலாம்" என்று சொல்கிறார்கள்?

எலும்பும் கம்பியும்

எந்த உலோகம், எவ்வளவு தடிமன் என்று கேட்க வேண்டும். பிரிசைஸ் என்ற டைட்டானியம் ராடில் எடை போடும் அளவு தடிமனைப் பொறுத்து ஒரு காலுக்கு ஏறக்குறைய 20 முதல் 35 கிலோதான். 65 கிலோ ஆள் இரண்டு காலிலும் ஆபரேஷன் ஆன நிலையில் வாக்கர், ஊன்றுகட்டை இல்லாமல் நடந்தால் ராடு வளையும் அல்லது முறியும். "நடக்கலாம்" என்பது கட்டிலிலிருந்து கழிப்பறைக்குக் கட்டையோடு போவது.

முழு எடை தாங்கும் துருப்பிடிக்காத எஃகு ராடு ஒன்று ஸ்ட்ரைட் என்ற பெயரில் 2018-ல் வந்தது. உள்ளே உலோக அரிப்பும் சுற்றியுள்ள எலும்பில் மாற்றமும் தெரிந்ததால் 2021-ல் திரும்பப் பெறப்பட்டது. பழைய வீடியோக்களில் ஓரிரு வாரத்தில் கட்டையில்லாமல் நடப்பவர்கள் பலர் அந்த ராடு வைத்தவர்கள். அதைப் பார்த்து இன்றைக்கு யாரும் தேதி குறிக்கக் கூடாது.

ராடு தொடை எலும்பின் சாய்வான அச்சில் நீட்டுகிறது. அதனால் 1 செ.மீட்டருக்கு ஏறக்குறைய 1 மி.மீ. வீதம் எடை விழும் கோடு முழங்காலின் வெளிப்பக்கம் நகரும். 3 செ.மீட்டரில் இது பொருட்டல்ல. ஏற்கனவே முழங்கால் இடிக்கிற ஆளுக்கு 7 செ.மீ. நீட்டினால் பொருட்டுதான். இடுப்பு முதல் கணுக்கால் வரை நின்றபடி எடுக்கும் முழுநீளப் படம் ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் வேண்டும்.

காந்த ராடு உள்ளே இருக்கும்வரை எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்குள் போகக் கூடாது. விபத்து எதாவது நடந்து மயக்கத்தில் கொண்டுபோனால் சொல்ல ஆள் இருக்காது, பர்ஸில் ஒரு சீட்டு வைத்திருக்க வேண்டும்.

ஓசூர் எக்ஸ்ரே

போக்குவரத்து பற்றி ஒரு வரி. ஆபரேஷன் பெங்களூரிலோ சென்னையிலோ நடந்தால் 10 நாளுக்கு ஒருமுறை அங்கேயே படம் எடுக்கப் போக வேண்டியதில்லை. இங்கேயே டிஜிட்டல் படம் எடுத்து அனுப்பலாம், ஆனால் அளவுக்குண்டு (அளவு தெரிந்த உலோகக் குண்டு) பக்கத்தில் வைத்து எடுக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் உருப்பெருக்கத்தால் 30 மி.மீ. என்பது 33 என்று தெரியும். போகும்போது மணிக்கு ஒருமுறை இறங்கி நிற்கணும். முதல் ஆறு வாரம் கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கி வலித்தால் ரத்தக்குழாய்க்குள் ரத்தம் உறைந்திருக்கலாம், அதோடு மூச்சு வாங்கினால் அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போயிருக்கலாம். வீட்டில் தைலம் தேய்த்து உருவிவிடக் கூடவே கூடாது. நேரே அவசரப் பிரிவு.

தகடூர் ஓட்டக்களம்

மேடம், நான்கு சுவரும் சேர்ந்தாச்சு என்று வைத்துக்கொள்வோம். எதில் தொடங்கி 7 நிமிடம் வரை எப்படிக் கொண்டுபோவது?

ஊத்தங்கரை பிசியோ

ஓட்டத்துக்கு முன்னாடி சைக்கிள், தண்ணி. காயம் எல்லாம் ஆறி முழங்கால் 110 டிகிரி மடங்கினா நின்ற இடத்து சைக்கிள் ஓட்டலாம், சீட்டை உயர்த்தி வெச்சு ஆரம்பிங்க. தண்ணியில இடுப்பளவு நின்னா உடம்பு எடை பாதியா குறையும், மார்பளவுன்னா மூணுல ஒரு பங்கு. நீச்சல் குளத்துல நடக்கலாம். கிணத்துல வேண்டாம், படிக்கட்டு வழுக்கும். வெளிக்கம்பி இருக்கிறவங்க கிணறு, ஏரி, ஆறு எதுலயும் இறங்கக் கூடாது, கம்பித் துளை வழியா சீழ் பிடிச்சா எலும்பு வரைக்கும் போயிடும்.

நடையில நொண்டல் இருக்கிறவரைக்கும் ஓடக் கூடாது. கண்ணாடி முன்னாடி ஒத்தக்கால்ல நில்லுங்க, எதிர்ப்பக்க இடுப்பு கீழ இறங்குதான்னு பாருங்க. இடுப்பு மேல்பக்கமா ராடு இறக்கினவங்களுக்குப் பக்கவாட்டுப் பிட்டத்தசை பலவீனமா இருக்கும், இறங்கும். 30 நொடி இறங்காம நிக்கணும். 30 நிமிஷம் வேகநடை நொண்டாம போகணும். ஒத்தக்கால் குதிகால் தூக்கல் 20-ஆவது வரணும்.

அப்புறம் 1 நிமிஷம் மெது ஓட்டம், 2 நிமிஷம் நடை, 10 தடவை. ஒருநாள் விட்டு ஒருநாள். தார் ரோட்டுல வேண்டாம், பள்ளிக்கூட மண் கிரவுண்ட்ல. அடி சின்னதா, நிமிஷத்துக்கு 170 அடிக்கு மேல. கால் நீண்டுடுச்சேன்னு எட்டிப் போட்டா குதிகால்ல மொத்த அடியும் விழும். நடக்கிறப்போ ஒரு கால்ல உடம்பு எடையைவிடக் கொஞ்சம் கூட விழுது, ஓடுறப்போ ரெண்டு மூணு மடங்கு. ரெண்டு வாரத்துக்கு ஒரு படி, ஒவ்வொரு படியிலயும் ஓட்ட நேரத்துல 1 நிமிஷம் கூட்டுங்க. மறுநாள் காலையில நீட்டின இடத்துல, ஒரு விரல் வெச்சுக் காட்டுற மாதிரி வலி இருந்தா நிறுத்தி எக்ஸ்ரே. தசை முழுக்கப் பரவின வலின்னா ஒரு படி கீழ இறங்குங்க, போதும்.

3 செ.மீ. தொடை நீட்டல்ல எல்லாமே ஒழுங்கா போனா மெது ஓட்டத்துக்கு 9 முதல் 12 மாசம். 7 நிமிஷத்துக்கு இன்னும் 4-6 மாசம். 1500 மீட்டர் பெரும்பாலும் மூச்சும் தொடர்ச்சியும்தான், அது திரும்ப வரும். 100 மீட்டரும் தாண்டலும்தான் கஷ்டம். வெடிச்சுக் கிளம்புற விசை, கணுக்கால் ஸ்பிரிங் மாதிரி திருப்பி அடிக்கிறது, இது ரெண்டும் கடைசியா வரும், சிலருக்குப் பழைய அளவுக்கு வரவே வராது. கயிறு ஏறுறது கை வேலைதான், ஆனா மேலயிருந்து குதிச்சு இறங்கக் கூடாது.

எலும்பும் கம்பியும்

அந்தக் கணக்கோடு ராடு எடுப்பதையும் சேருங்கள். 12 முதல் 18 மாதத்துக்குள், சிலருக்கு அதற்கும் பிறகு எடுப்பார்கள். எடுத்தபின் திருகு இருந்த ஓட்டைகள் எலும்பின் பலவீனப் புள்ளிகள். 6 வாரம் ஓட்டம் கிடையாது, கபடி மாதிரி முறுக்கும் ஆட்டம் 3 மாதம் கிடையாது. எடுக்காமல் தேர்வுக்குப் போகலாமே என்று கேட்பார்கள். ராணுவ மருத்துவத் தேர்வில் எலும்புக்குள் உலோகம் இருந்தால் தகுதியில்லை. காவலர் தேர்வுக்கும் மருத்துவப் பரிசோதனை உண்டு, தொடையில் தழும்போடு போகிறவரிடம் கேள்வி வரத்தான் செய்யும். ஆபரேஷன் நாளிலிருந்து முழுதாகக் களத்தில் நிற்க 2 ஆண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள், அதற்குள் வயது வரம்பும் ஓடிக்கொண்டிருக்கும்.

காரிமங்கலம் கபடி

2 ஆண்டு. பையனிடம் இதை மட்டும் காட்டினாலே போதும் போலிருக்கிறது. அந்த 2 ஆண்டில் உயரம் கேட்காத எத்தனை தேர்வு எழுதலாம்.

தகடூர் ஓட்டக்களம்

ஞாயிற்றுக்கிழமை கிரவுண்டில் எல்லாப் பையன்களுக்கும் மேடம் சொன்ன அளவுகளை எடுத்துக் குறிப்பேட்டில் எழுதப் போகிறேன், ஆபரேஷன் நினைப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும். கணுக்கால் மடங்குவதை எப்படி அளப்பது? கோணமானி இல்லை.

ஊத்தங்கரை பிசியோ

கோணமானி வேண்டாம் சார், சுவரும் ஸ்கேலும் போதும். செருப்பில்லாம சுவரைப் பார்த்து நிக்கச் சொல்லுங்க. கட்டைவிரல் சுவரிலிருந்து 5 செ.மீ. தள்ளி. குதிகாலைத் தூக்காம முழங்காலை மடக்கிச் சுவரைத் தொடணும். தொட்டா பாதத்தை 1 செ.மீ. பின்னாடி நகர்த்தி மறுபடி. குதிகால் எழும்பாம தொடுற கடைசி தூரத்தை எழுதுங்க, 10 செ.மீ. வந்தா நல்ல கணுக்கால். குதிகாலுக்கு அடியில ஒரு துண்டுப் பேப்பர் வெச்சு நீங்க பிடிச்சு இழுத்துப் பாருங்க, வந்துட்டா குதிகால் எழும்பிடுச்சுன்னு அர்த்தம். பையன்கள் ஏமாத்துறது அங்கதான். ஓடி முடிச்சப்புறம் எடுக்காதீங்க, சூடான கால்ல 1-2 செ.மீ. கூடுதலா காட்டும்.